‘கழுத்தைப் பிடிச்சாரு, அவ்வளவுதான்’

சித்திரை மாத மத்தியானம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் ஒரு பெண் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போர்த்திக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். “தொண்டை வலிக்குது மேடம், எச்சில் முழுங்க முடியல” என்றார். குரல் கரகரத்திருந்தது. அரசு மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெளியே நீண்ட வரிசை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன், மாத்திரை எழுதினேன், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். முந்தானையை விலக்கிப் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணியிருந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் காரணம் தெரிந்தது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் உறைந்த ரத்தம் மேலே போய் மூளையில் அடைத்திருந்தது. அவருடைய அம்மாதான் பிறகு சொன்னார்: “மாப்பிள்ளை கழுத்தைப் பிடிச்சிட்டாராம், அவ்வளவுதான். அடிக்கவெல்லாம் இல்லையாம்.”

அந்த ‘அவ்வளவுதான்’ அதற்கப்புறம் என்னை விடவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கே வரும் பெண்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கழுத்தை நெரிப்பது என்றால் சினிமாவில் வருவதுபோல மூச்சுக்குழாய் நசுங்கி, கண் பிதுங்கி, நாக்கு வெளியே தள்ள வேண்டும் என்று நினைக்கிறோம். உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடும் ரத்தக் குழாய்களை அடைக்க, மூச்சுக்குழாயை அடைப்பதற்குத் தேவையானதைவிட மிகக் குறைந்த அழுத்தம் போதும். ஒரு வளர்ந்த ஆணின் கைக்கு அது பெரிய வேலையே இல்லை. இரண்டு தமனிகளும் அடைபட்டால் பத்து விநாடி அளவில் நினைவு போய்விடும். அப்படியே பிடித்திருந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். பத்து விநாடியில் கையை எடுப்பதா வேண்டாமா என்பது முழுக்க முழுக்க அவன் கையில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். கன்னத்தில் விழும் அறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். அறைபவன் வலியைக் கொடுக்கிறான். கழுத்தைப் பிடிப்பவன், ‘நீ உயிரோடு இருப்பது நான் விடுவதால்தான்’ என்று காட்டுகிறான்.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அமெரிக்காவில் நான்சி கிளாஸும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. துணைவனால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்டு உயிர் பிழைத்த பெண், பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல் கூடுவதாக அதில் தெரியவந்தது. அதற்கு முன்பே சான் டியேகோ நகரில், துணைவனால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண்களின் 300 வழக்குகளை அரசு வழக்கறிஞர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பெண்களின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு காயம்கூட இல்லை. நம் ஊர்த் தோல் நிறத்தில் கன்றிப்போனது இன்னும் தெரியாது. ‘மேல ஒரு கீறல்கூட இல்லையேம்மா’ என்று காவல் நிலையத்திலும் வீட்டிலும் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 300 வழக்குகள் ஞாபகத்துக்கு வரும்.

காயம் இல்லையென்றால் எதைப் பார்ப்பது? குரல் மாறியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணின் வெள்ளையிலும், இமையைத் திருப்பினால் உள்பக்கத்திலும், காதுக்குப் பின்னாலும் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருக்கலாம். தலைசுற்றலோ, நடந்ததில் கொஞ்சம் ஞாபகமே இல்லாததோ நினைவு தப்பியிருந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். சிறுநீர் தானாகப் போயிருந்தால் ரொம்பவே ஆபத்தான கட்டம் வரை போய்வந்திருக்கிறார் என்று அர்த்தம். இதில் எது இருந்தாலும், அன்றைக்கு நன்றாகப் பேசி நடமாடினாலும், மருத்துவமனைக்கு வர வேண்டும். வீக்கம் சில மணி நேரம் கழித்து மூச்சை அடைக்கலாம். பக்கவாதம் சில நாள் கழித்து வரலாம். என் முதல் நோயாளிக்கு நான்காம் நாள் வந்தது.

கேட்கும் விதத்திலும் நாங்கள் தப்புச் செய்கிறோம். “கழுத்தை நெரிச்சாரா?” என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை. அவர்கள் மனதில் நெரிப்பது என்றால் கொலை. தங்களுக்கு நடந்ததை ‘பிடிச்சாரு’, ‘பிடிச்சுத் தள்ளினாரு’, ‘சுவத்தோட வச்சு அழுத்தினாரு’ என்றுதான் சொல்வார்கள். அதனால் இப்போதெல்லாம் நான் வேறு மாதிரி கேட்கிறேன். கூட வந்தவரை ஓ.பி. சீட்டு வாங்கிவர அனுப்பிவிட்டு, “அவர் கை கழுத்துப் பக்கம் வந்துச்சாம்மா? மூச்சு முட்டுச்சா? கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா?” என்பேன். தனியாகக் கேட்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாமியார் பக்கத்தில் நின்றாலும் பதில் வராது. சில சமயம் பெற்ற அம்மா நின்றாலும் வராது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும், திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில் அது 29.3 சதவீதம். அதே ஆய்வில், வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அப்படியென்றால் ஒரு பெண் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்கிறார் என்றால், அதுவரை எத்தனையோ நாள் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பது முக்கியம். ‘குடிச்சாத்தான் அப்படி, மத்தபடி தங்கமான மனுஷன்’ என்ற பதிலை நான் கேஷுவாலிட்டியில் கேட்காத வாரம் கிடையாது. குடி அபாயத்தைக் கூட்டும், குறைக்காது.

ஜாக்குலின் காம்ப்பெல் என்ற அமெரிக்கச் செவிலியர் 1980-களிலேயே, எந்தப் பெண்ணுக்கு உயிருக்கே ஆபத்து என்று கணிக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். கழுத்து நெரிப்பு அதில் ஒன்று. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, விருப்பமில்லாமல் உறவுக்குக் கட்டாயப்படுத்துவது, சந்தேகம், போகுமிடமெல்லாம் பின்தொடர்வது, ‘நீ போனா நான் செத்துடுவேன்’ என்பது, அடி வரவர அதிகமாவது ஆகியவையும் உண்டு. இதில் தற்கொலை மிரட்டலை நம் வீடுகளில் பாசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘பாவம், அவ்வளவு உசிரா இருக்கான்’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, குடும்பத்தினர் பலருக்கும் தெரியாதது. பிரிந்து வந்துவிட்டாள், இனி பயமில்லை என்று நிம்மதியடையும் அந்த நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. கைக்குள் வைத்திருந்தவள் கைவிட்டுப் போகிறாள் என்று தெரியும்போதுதான் இப்படிப்பட்ட ஆண் எந்த எல்லைக்கும் போகிறான். ‘கடைசியா ஒரு தடவை பேசிக்கலாம், தனியா வா’ என்று வரும் போனுக்குப் போகக் கூடாது. குழந்தையைக் காட்டச் சொன்னால் நாலு பேர் இருக்கும் இடத்தில், பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது காட்டலாம். ‘உன்னை விட்டுப் போகப்போறேன்’ என்று சண்டையில் முன்கூட்டியே சொல்லவும் வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவைத்துவிட்டு, அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் கிளம்ப வேண்டும்.

போவது எங்கே? 181 என்ற மகளிர் உதவி எண்ணில் 24 மணி நேரமும் எடுப்பார்கள். அடி விழுந்துகொண்டிருக்கும்போது 112. பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் இருந்து எண்ணை அழித்துவிடுங்கள். ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாட்கள் தங்க இடமும், மருத்துவ உதவியும், சட்ட உதவியும் சேர்ந்து கிடைக்கும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி அவர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். அவன் அருகே வரக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் வசிக்கும் உரிமை, செலவுக்குப் பணம், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் அந்த ஒரே மனுவில் கேட்க முடியும். தாலி கட்டாமல் கணவன் மனைவிபோலச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. கணவரோ அவர் குடும்பத்தாரோ செய்யும் கொடுமைக்கான பழைய 498ஏ பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவாக இருக்கிறது. மகளிர் காவல் நிலையத்தில் ‘எழுதி வாங்கிட்டு அனுப்புறோம்’ என்றால், கழுத்தைப் பிடித்ததையும் கொன்றுவிடுவேன் என்று சொன்னதையும் புகாரில் எழுத்தில் வையுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

என்னைப் போன்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், ‘தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாகச் சொல்கிறார்’ என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி எழுதிப் பழகிவிட்டோம். கணவர் என்று அவர் சொன்னால் கணவர் என்றே எழுதுங்கள். ஒரு கையா, இரண்டு கையா, துப்பட்டாவா, எவ்வளவு நேரம், நினைவு தப்பியதா, என்ன சொல்லிக்கொண்டே பிடித்தான், எல்லாவற்றையும் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். சாதாரண அடிதடியா, கொலை முயற்சியா என்ற கேள்வி வரும்போது நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணுக்காகப் பேசப்போவது பெரும்பாலும் அந்த ஒரு பக்கம்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் நெற்றியில் நாலு தையல் போடும் காயத்தோடு வந்தார். மாடிப்படியில் விழுந்ததாகக் கணவர் சொன்னார். அவரைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். தையல் முடியும்வரை பதிலே இல்லை. கடைசி முடிச்சுப் போடும்போது, “சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு மேடம். வெக்கமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல” என்றார். கழுத்தைப் பிடித்தபோது சிறுநீர் தானாகப் போயிருக்கிறது. தலைக்காயத்துக்கு என்று சொல்லி வார்டில் சேர்த்தோம். கழுத்துக்கும் சேர்த்து ஸ்கேன் எடுத்தோம். மருத்துவமனை அவுட்போஸ்ட் காவலரிடம் அவர் தானே வாக்குமூலம் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில், பார்வையாளர் நேரத்துக்கு முன்பே தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனார். அம்மா வீட்டுக்கு இல்லையாம். எந்த ஊர் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.