பி 0171 வந்தால் எதை மாற்றுவது?

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் படம் எரிகிறது. வேலூர் திரும்பியதும் மெக்கானிக், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுகிறார். பி 0171. "ஆக்ஸிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்." அவசரப்படாதீர்கள்.

பி என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. 0 எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோட். அடுத்த 1, எரிபொருளும் காற்றும். மொத்தத்தில், கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். எந்தப் பாகம் கெட்டது என்று அதில் இல்லை. பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 போதும். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைச் சென்சார் பார்க்கிறது. அது அதிகமானால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. இப்படிக் கூட்டிக் குறைப்பதுதான் ஃப்யூயல் ட்ரிம். அது எல்லை தாண்டி, அடுத்த ஓட்டத்திலும் அப்படியே இருந்தால் பொதுவாக விளக்கு எரியும். பழைய வண்டிகளில் எத்தனாலே ட்ரிம்மைக் கொஞ்சம் ஏற்றிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆகவே ஸ்கேனரில் கோட் எண்ணை விட ட்ரிம்மைப் பாருங்கள். உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டி என்றால், ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, ட்ரிம் 20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் 5-க்கு இறங்கினால், அளக்கப்படாத காற்று எங்கோ நுழைகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஒரு சின்ன ஓட்டையும் பெரிய பங்கு. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அது ஒன்றுமில்லாமல் போகிறது. மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூயல் ஃபில்டர், பம்ப், அழுக்கேறிய காற்று சென்சார் பக்கம் தேடலாம்.

ஓட்டை பெரும்பாலும் காற்று போகும் ரப்பர் ஹோஸில்தான். வேலூர் அக்னி நட்சத்திர வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து அதை விறைக்க வைத்துவிடும். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, வளைவை விரலால் மடக்கினால் அடிப்பக்கத்தில் வெடிப்பு வாய் திறக்கும். எலி கடித்த ஹோஸும் உண்டு. சூடான எஞ்சின் மேல் ஸ்ப்ரே அடித்துத் தேடுவது மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி விளக்கை அணைப்பதும் வேண்டாம். கோளாறு வந்த நொடியின் ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு எல்லாம் அதோடு அழிந்துவிடலாம். முதலில் குறித்துக்கொள்ளுங்கள், சரிசெய்த பிறகு ஸ்கேனரில் அந்தக் கோட் எண்ணை அழியுங்கள்.

விளக்கு கண் சிமிட்டினால் கதை வேறு. சிலிண்டர் எரிக்காத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். கோட் பி 0301 என்றால் முதல் சிலிண்டர். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சிலிண்டருக்கு ஒன்று உள்ள வண்டியில், முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோட் பி 0302 ஆனால் காயிலை மாற்றுங்கள். பி 0301 ஆகவே நின்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும், அப்புறம் இன்ஜெக்டர்.