டைனமோவக் கழட்றதுக்கு முன்னாடி

போன மழைக்காலத்துல ஒருநாள் காலைல எங்க டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார் செல்ஃப் எடுக்காம டிக் டிக்னு சத்தம் மட்டும் போட்டுச்சு. ரங்கூன்ல ப்ரோபாக்ஸ் நிக்காத தெரு இல்ல, அதுக்கு மெக்கானிக்கும் பஞ்சமில்ல, பக்கத்து வார்டுல ஒருத்தர்கிட்ட தள்ளிட்டுப் போனா பானெட்டத் தொறந்த அரை நிமிசத்துல "டைனமோ போச்சு தம்பி, மாத்திரலாம்"னாரு. வோல்ட் அளக்கற மீட்டரக் கையில எடுக்கவே இல்ல. ஜப்பான்லேர்ந்து வந்த பழைய டைனமோ ஒண்ணு மாட்டினாரு, என்னோடத அவரே வச்சுக்கிட்டாரு, நானும் காசக் குடுத்துட்டு வந்துட்டேன். நாலாம் நாள் காலைல மறுபடியும் டிக் டிக்.

டைனமோன்னு நாம சொல்றோம், பர்மாக்காரங்களும் அப்படித்தான் சொல்றாங்க, ஆனா இன்னிக்கு வண்டி ஓடறப்ப பேட்டரிய சார்ஜ் பண்றது ஆல்டர்னேட்டர். நெஜ டைனமோ நேரா டிசி, அதாவது ஒரே பக்கமா ஓடற கரண்ட் குடுக்கும், ஆனா ஐட்லிங்ல, அதான் வண்டி நின்னுட்டு என்ஜின் மட்டும் மெதுவா ஓடறப்ப, பெருசா ஒண்ணும் வராது. கரண்ட ஒரே பக்கமா மட்டும் விடற சிலிக்கான் டயோடு மலிவா வந்ததுக்கு அப்புறம் 1960-ல கிரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் கார்ல ஆல்டர்னேட்டர் போட்டுச்சு, அப்புறம் மத்தவங்களும் மாறிட்டாங்க. பேரு மட்டும் மாறல.

உள்ள நடக்கறது இதுதான். நடுவுல ரோட்டர், அதுல ஒரு காயில், ரெண்டு கார்பன் பிரஷ் வழியா அந்தக் காயிலுக்கு மூணு நாலு ஆம்ப் கரண்ட் போகும், அது காந்தமாயிடும். பெல்ட் இழுக்க அந்தக் காந்தம் சுத்தும், என்ஜின் ஒரு சுத்து சுத்துனா டைனமோ ரெண்டு ரெண்டரை சுத்து. சுத்தி இருக்கற ஸ்டேட்டர் காயில்ல மூணு பேஸ் ஏசி, அதாவது பக்கம் மாறி மாறி ஓடற கரண்ட் வரும், டயோடுங்க அதை ஒரே பக்கமாத் திருப்பி டிசி ஆக்கிடும். பின்னாடி உக்காந்திருக்கற ரெகுலேட்டர்தான் கணக்குப்பிள்ளை, வோல்ட் எறங்குனா ரோட்டருக்குக் கரண்டக் கூட்டும், ஏறுனா கொறைக்கும், 14 வோல்ட் பக்கத்துலயே பிடிச்சு வச்சிருக்கும். அதனால டைனமோ சார்ஜ் பண்ணலன்னா பிரஷ் தேஞ்சிருக்கலாம், டயோடு வெந்திருக்கலாம், ரெகுலேட்டர் செத்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம், இல்ல டைனமோ நல்லாத்தான் குடுக்குது, குடுத்தது பேட்டரிக்குப் போய்ச் சேரலன்னும் இருக்கலாம். இந்தக் கடைசியத்தான் யாரும் பாக்கறதில்ல.

முதல்ல எனக்கு என் மேலயே சந்தேகம். கரண்ட் இல்லாத ராத்திரில கார் பேட்டரியக் கழட்டி மாடிக்குத் தூக்கிட்டுப் போய் இன்வெர்ட்டர்ல மாட்டுவோம், ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, போன் சார்ஜ், அவ்வளவுதான். ஆனா கணக்குப் போட்டா அறுபது வாட்ஸ்னா பன்னண்டு வோல்ட்டுல அஞ்சு ஆம்ப், நாலு மணி நேரத்துக்கு இருபது ஆம்ப் அவர், என் பேட்டரியே 45 ஆம்ப் அவர்தான். தெருவே "மீ லா பீ"ன்னு கத்துறப்ப, அதான் கரண்ட் வந்துருச்சுன்னு கூவுறப்ப, பாதி பேட்டரி காலி. காலைல அதையே கார்ல மாட்டி மகாபந்தூலா ரோட்டுல அரை மணி நேரம் ஐட்லிங்ல நின்னா என்ன ஏறும்? ஐட்லிங்ல டைனமோ அதோட முழு சக்தியில பாதிகூட குடுக்காது, ஏசி ஃபேனும் ரேடியேட்டர் ஃபேனும் அதுல பெரும்பங்க சாப்ட்ரும், மிச்சம் பேட்டரிக்குப் பத்து ஆம்ப் போனா அதிகம், பேட்டரி நெறைய நெறைய அதையும் மெதுவாத்தான் வாங்கும். காலியான பேட்டரிய நெரப்பறது டைனமோவோட வேலையே இல்ல, செல்ஃப் எடுத்தப்ப செலவானத ஈடுகட்டறதுதான் அதோட வேலை.

சரி, இன்வெர்ட்டர நிறுத்தினேன், பேட்டரிய வெளிய சார்ஜர்ல ராத்திரி முழுக்கப் போட்டேன். காலைல ஒரு மணி நேரம் சும்மா வச்சு மீட்டர்ல பாத்தா 12.6, அதாவது ஃபுல்லு (12.4 காட்டுனா முக்கால், 12-க்குப் பக்கத்துல வந்துட்டா கிட்டத்தட்ட காலி). ஸ்டார்ட் பண்ணிப் பேட்டரில அளந்தா 13.9. ஆகா சார்ஜ் ஆகுதேன்னு விட்டுட்டேன், பாருங்க, அங்கதான் தப்புப் பண்ணேன். லோடு இல்லாம, அதாவது லைட்டு ஃபேன் எதுவும் போடாம அளந்த வோல்ட்ட நம்பவே கூடாது. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் டிக், அப்பத்தான் புத்தி வந்து ஹெட்லைட் ஹை பீம், ஏசி ஃபேன் ஃபுல்லு, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, ஆக்சிலரேட்டரக் கொஞ்சம் மிதிக்கச் சொல்லி அளந்தேன். பேட்டரில 13.3. அப்படியே மீட்டரோட ரெண்டு முனையவும் டைனமோவுக்கு மாத்தி, சிவப்ப பின்னாடி தடிச்ச ஒயர் போல்ட்டுலயும் கருப்ப அதோட அலுமினிய உடம்புலயும் வச்சா 14.2. பொறக்கறப்ப 14.2, போய்ச் சேர்றப்ப 13.3, நடுவுல யாரோ 0.9 வோல்ட் திருடுறான்.

திருடனக் கண்டுபிடிக்க ஒயரக் கழட்ட வேணாம், லோடு ஓடிட்டிருக்கறப்பவே ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு முனையில மீட்டர வச்சாப் போதும். டைனமோ போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவுல 0.06, நல்லாருக்கு, 0.2 தாண்டக் கூடாது. பேட்டரி நெகட்டிவுக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவுல வச்சா 0.84! நெகட்டிவ்லேர்ந்து பாடிக்கு வந்து அங்கேர்ந்து கியர்பாக்ஸுக்குப் போற எர்த் ஒயர் அது, கீழ குனிஞ்சு டார்ச் அடிச்சா கியர்பாக்ஸ் போல்ட்டச் சுத்திப் பச்சையும் வெள்ளையுமாப் பூத்துப் போயிருக்கு, விரல் வச்சா மாவு மாதிரி உதிருது. மழைத் தண்ணில ஓட்டுனதுதான் காரணமா இருக்கணும், திஞ்சான் தண்ணித் திருவிழால மூணு நாள் நனைஞ்சதும் சேத்துக்கலாம்.

இதுல வேடிக்கை, அந்த ஒயர ஓம்ஸ்ல வச்சு அளந்தா மீட்டர் பீப்புன்னு நல்லாருக்குன்னுதான் சொல்லும். லோடுல ஏறக்கொறைய முப்பது ஆம்ப் ஓடுது, 0.84 வோல்ட்டுன்னா 0.03 ஓமுக்கும் கீழ, சாதா மீட்டருக்கு அது கண்ணுக்கே தெரியாது. ஆனா செல்ஃப் மோட்டார் நூறு ஆம்புக்கு மேல இழுக்கும், அப்ப அதே எடத்துல மூணு வோல்ட் காணாமப் போகும், மிச்சத்துல செல்ஃப் எப்படிச் சுத்தும், டிக் டிக்தான். சார்ஜ் கொறஞ்சதுக்கும் அதே ஒயர்தான். ரெகுலேட்டர் டைனமோ உடம்பத்தான் ஜீரோன்னு வச்சு அளக்குது, அது கண்ணுக்கு 14.2 சரியா இருக்கு, எர்த்துப் பக்கம் நடக்கற கொள்ளை அதுக்குத் தெரியவே தெரியாது.

நெஜமாவே டைனமோ போயிருந்தா வேற மாதிரி தெரியும். சாவி போட்டதும் டேஷ்போர்டுல பேட்டரி லைட்டு எரிஞ்சு ஸ்டார்ட் ஆனதும் அணையணும், அணையலன்னா பெல்ட், பிரஷ், ரெகுலேட்டர் பாருங்க, சாவி போட்டப்பவே எரியலன்னா அந்த லைட்டு ஒயரையும் ஃபியூஸையும் மொதல்ல பாருங்க. மீட்டர ஏசி வோல்ட்டுல வச்சுப் பேட்டரில அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா டயோடு ஒண்ணு போயிருக்கும், ஹெட்லைட்டும் லேசாத் துடிக்கும், சில நேரம் ராத்திரி நின்ன வண்டிலயே அது வழியாக் கரண்ட் கசிஞ்சு பேட்டரியக் காலி பண்ணும். வண்டி ஓடறப்ப பேட்டரி ஒயரக் கழட்டி "அணையலன்னா டைனமோ நல்லாருக்கு"ன்னு ஒரு டெஸ்ட் பண்ணுவாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க, அந்த நொடில வோல்ட் நாப்பது அம்பதுக்கு மேல எகிறி வண்டியோட கம்ப்யூட்டரையே சுட்டுரும். இன்னொண்ணு, புது வண்டிகள்ல கம்ப்யூட்டரே பெட்ரோல் மிச்சம் பண்ண வேணும்னு சார்ஜக் கொறைக்கும், அதுல 13-க்குக் கீழ பாத்துட்டு ஒடனே டைனமோவக் குத்தம் சொல்ல முடியாது.

போல்ட்டக் கழட்டி உப்புத்தாள் போட்டு ரெண்டு பக்கமும் பளபளன்னு தேச்சு, மேல கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்கினேன், இருபது நிமிசம் ஆச்சு. மறுபடி லோடு போட்டு அளந்தா 0.05, பேட்டரில 14.1. வீட்டுக்குத் தனியா ஒரு இன்வெர்ட்டர் பேட்டரியும் வாங்கியாச்சு.

சாயங்காலம் அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய், அண்ணே என் பழைய டைனமோ நல்லதுதாண்ணே, திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். மூணு நாள் முன்னாடியே வேற ஒரு ப்ரோபாக்ஸ்ல மாட்டிட்டாராம், அந்த வண்டிக்கும் டைனமோ போச்சாம்.