கண்ணாடியில் கன்னத்தை வைப்பதற்கு முன்

ரங்கூனில் பன்சோடான் தெருப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்திரம், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ் இவைதான் என் பிழைப்பு. போன மழைக்காலத்தில் ஓவியம் படிக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி வந்து, "மாமா, உங்க ஸ்கேனர்ல என் முகத்தை வைக்கலாமா?" என்று கேட்டாள். விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. கை, காது, கழுத்து, கன்னம், பாதம் என்று தன் உடம்பைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து, அச்செடுத்து, சுவரில் ஒட்டித் தன்னையே ஒரு படமாக்க வேண்டுமாம்.

இது புதுக் கிறுக்கு ஒன்றுமில்லை. சாதாரணத் தாளில் நகலெடுக்கும் ஜெராக்ஸ் 914 இயந்திரம் 1959ல் அறிமுகமானது. அதன் மேல் கையை வைத்துப் பார்க்காத ஆபீஸ் பையன் இருந்திருப்பானா? 1970ல் சிகாகோ கலைக் கல்லூரியில் சோனியா ஷெரிடன் என்ற ஓவியர் நகல் கருவிகளைப் போன்ற இயந்திரங்களை வைத்தே கலை கற்பிக்கும் பிரிவு ஒன்றைத் தொடங்கிவிட்டார். இப்போது வீட்டுக்கு வீடு ஸ்கேனர் வந்தபின் செய்பவர்கள் கூடியிருக்கிறார்கள். செய்யட்டும். ஆனால் கருவியைத் தினமும் துடைக்கிறவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

முதல் பயம் கதிர்வீச்சு. தட்டை ஸ்கேனரில் எக்ஸ்ரேயும் இல்லை, லேசரும் இல்லை. வெறும் வெளிச்சம்தான். ஆனால் கண்ணுக்கு அரை அங்குலத்தில் அந்த வெளிச்சம் ஊர்ந்து போனால் கூசும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலி கிளம்பலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூடிய இமை படத்தில் அழகாகவே விழும். ஜப்பானிலிருந்து வரும் பழைய ஸ்கேனர்கள் சிலவற்றில் எல்இடிக்குப் பதில் மெல்லிய குழல் விளக்கு இருக்கும். அதில் துளி பாதரசம் உண்டு. அதனால் கண்ணாடி மேல் உட்காருவது, ஏறி நிற்பது எல்லாம் வேண்டாம். பாதத்தை ஸ்கேன் செய்ய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எடையைக் கொடுக்காமல் காலைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் போதும். அதே ஜப்பான் சரக்கில் இன்னொரு வம்பு: அங்கே 100 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் எழுதியிருப்பதைப் படிக்காமல் சொருகியவர்கள் கொண்டுவந்த கருகிய ஸ்கேனர்கள் என் பரணில் மூன்று கிடக்கின்றன.

எந்த ஸ்கேனர் நல்லது? இங்கே ஒரு சங்கடம். சிஐஎஸ் என்பது ஒளி உணரி கண்ணாடியை ஒட்டியே ஓடும் வகை. மெலிசானது, பல மாடல்கள் யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும், லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் மின்வெட்டிலும் வேலை நடக்கும். ஆனால் கண்ணாடியை ஒட்டி இருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். சில மில்லிமீட்டர் தள்ளினாலே மங்கல். மூக்கு நுனியும் கன்னமும் வரும், கண் குழி இருட்டில் போய்விடும். சிசிடி என்ற இன்னொரு வகையில் உள்ளே பிம்பத்தைத் திருப்பும் ஆடிகளும் லென்சும் இருப்பதால், கண்ணாடியிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதும் தெளிவாக விழும். ஆனால் அதற்குத் தனி மின்சாரம் வேண்டும், நம் ஊரில் அது எப்போது வரும் போகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பெண் சிஐஎஸ் போதும் என்றாள். இருட்டில் மிதக்கும் மூக்குதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

அழுத்தினால் ரத்தம் விலகித் தோல் வெளுத்துவிடும், வேகவைத்த மாவு மாதிரி. லேசாகத் தொட்டால் போதும். மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படியும். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், ஒரு மூச்சை அடக்கியே முடித்துவிடலாம், 1200ல் முடியாது. நடுவில் அசைந்தால் விளிம்பில் சிவப்பு, பச்சை, நீலம் பிரிந்து தெரியும். சிலர் வேண்டுமென்றே அப்படி அசைகிறார்கள். மூடியைத் திறந்துவிட்டு, தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டால் பின்னணி கறுப்பாக வரும்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தந்த விஷயம். அவள் உள்ளங்கையை 600 டிபிஐயில் எடுத்தாள். திரையில் பெரிதாக்கினேன். கட்டைவிரலில் ஒவ்வொரு ரேகையும், ஒரு பழைய கத்திக் கீறலும் தெரிந்தன. கைரேகைக் கருவிகளுக்கான வழக்கமான அளவே 500தான். அதாவது தேவைக்கு மேலேயே கொடுத்துவிட்டாள். அதை அப்படியே ஃபேஸ்புக்கில் போடப் போவதாகச் சொன்னாள். 2014ல் யான் கிறிஸ்லர் என்ற ஜெர்மன் ஹேக்கர், அமைச்சர் ஒருவரின் கட்டைவிரல் ரேகையைச் சாதாரணக் கேமரா படங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். போனையும் பணம் அனுப்பும் ஆப்பையும் விரலால் திறக்கிறோம். ரகசிய எண் போனால் மாற்றலாம், விரலை என்ன செய்வது? இணையத்தில் போடும் பிரதியை அங்குலத்துக்கு 72 பிக்சலாகச் சுருக்குங்கள், ரேகை கரைந்துவிடும். பெரிய கோப்பு உங்களிடமே இருக்கட்டும்.

அப்புறம், கடை இயந்திரம். பெரிய நகல் இயந்திரங்கள் பலவற்றுள் ஹார்ட் டிஸ்க் உண்டு, எடுத்த நகல் அதில் தங்கலாம். ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய இயந்திரத்தை வாங்கி வந்து திறந்தபோது, யார் யாருடையதோ அடையாள அட்டைகள் உள்ளே கிடந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், ஆனால் எனக்கு முன் அதைத் திறந்தவர் யாரோ? என் கடைக் கணினியும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் கோப்புகளை வாரக்கணக்கில் அழிக்காமல் விட்டிருக்கிறேன். உடம்பை ஸ்கேன் செய்வதாக இருந்தால் உங்கள் சொந்தக் கருவியில் செய்யுங்கள். முடியாவிட்டால் உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மோதிரத்தைக் கழற்றுங்கள், கண்ணாடி கீறும். தேங்காய் எண்ணெய்த் தலையோடு வராதீர்கள். துடைக்கும்போது திரவத்தைக் கண்ணாடி மேல் ஊற்றாதீர்கள், விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். துணியில் நனைத்துத் துடையுங்கள்.

ரேகை விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் வாடியது. படத்தை மங்கலாக்க அவளுக்கு மனமில்லை. மறுநாள் சின்ன டப்பாவில் அரைத்த தனக்காவோடு வந்தாள், இங்கே பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் மரப்பட்டைச் சாந்து அது. பத்து விரல் நுனியிலும் கெட்டியாகப் பூசி, காற்றில் ஆட்டிக் காயவைத்துக் கையைக் கண்ணாடியில் வைத்தாள். கறுப்பில் பழுப்புக் கை, அதன் நுனிகளில் மட்டும் மஞ்சள் வெடிப்பு வெடிப்பாக, வறண்ட குளத்துச் சேறு போல. ஒரு ரேகையும் இல்லை. கண்ணாடியில் உதிர்ந்த மாவைப் போக்க நான்தான் மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது.