"எனக்குக் கணக்கு வராது"

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவளுடைய தாயார் என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்தார். "சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி மேடம், ஒருமுறை சொன்னாலே பிடித்துக்கொள்வாள்; இப்போது கணக்கு நோட்டையே திறக்க மாட்டேன் என்கிறாள்" என்றார். காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். இரண்டாம் வரியில் தடுமாறியதும், இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு, எழுதியதைத் தாள் கிழியும் அளவுக்கு அழித்தாள். பிறகு "எனக்குக் கணக்கு வராது மிஸ்" என்றாள்.

'வராது', 'ஏறாது', 'மண்டையில் சரக்கில்லை' என்றெல்லாம் நாம் சொல்லும்போது, அறிவு என்பது பிறக்கும்போதே அளந்து ஊற்றப்பட்ட ஒன்று என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் படிகிறது. 'மக்கு' என்ற வசைதான் இந்த எண்ணத்தை விதைக்கிறது என்று பலரும் கருதுகிறார்கள். என் அனுபவத்தில் 'கெட்டிக்காரி' என்ற பாராட்டும் அதே வேலையைச் செய்கிறது. சிரமமின்றிப் புரிவதே அறிவு என்று நம்பி வளர்ந்த பிள்ளைக்கு, முதன்முதலாகச் சிரமப்பட நேரும் நாளில், தன்னிடம் அறிவே இல்லையோ என்ற அச்சம் வந்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புதிர்களை விடுவித்த ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் சிலரை அறிவுக்காகவும், சிலரை முயற்சிக்காகவும் ஒரே ஒரு வாக்கியத்தில் பாராட்டினார்கள். அடுத்துக் கொடுத்த கடினமான புதிர்களில் எல்லாரும் தடுமாறிய பின், மீண்டும் எளிய புதிர்கள் தரப்பட்டபோது, அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறொரு பள்ளி மாணவருக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் அதைக் கூட்டி எழுதினார்கள். பத்து வயதுக் குழந்தையைப் பொய் சொல்ல வைக்கும் அளவுக்கு அந்தப் பட்டத்தின் சுமை இருக்கிறது என்பதே எனக்கு வேதனை தருகிறது.

அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது என்ற மனப்பான்மையை மாற்றிவிட்டால் மதிப்பெண் குவியும் என்று நான் யாருக்கும் வாக்களிப்பதில்லை. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இந்த மனப்பான்மையை மாற்ற முயன்று, 2019இல் வெளியான ஆய்விலும், குறைந்த மதிப்பெண் பெறுவோரிடம் சிறிய முன்னேற்றமே காணப்பட்டது. "முயற்சி செய்" என்று மட்டும் சொல்வதும் போதாது. எந்த வரியில் தவறியது, வேறு எந்த வழியில் போய்ப் பார்க்கலாம் என்று உடன் உட்கார்ந்து காட்ட வேண்டும். அந்தத் தாயாரிடம் நான் கேட்டுக்கொண்டதும் அதைத்தான்.

ஆறு வாரங்களுக்குப் பின் அவள் நோட்டைப் பார்த்தேன். தவறான வரிகளை அழிக்காமல், பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டு, கீழே மறுபடி செய்திருந்தாள். மூன்றில் ஒரு கணக்கு இன்னும் தப்பாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் என் பக்கம் திருப்பி வைத்தாள்.