டேங்க் ஒரு சிவப்பு, கவுல் ஒரு சிவப்பு

பழைய பைக்கைக் கஃபே ரேசராக, அதாவது பந்தய பைக் பாணியில், மாற்றுபவர்கள் பலர், டேங்க்கை அப்படியே விட்டுவிட்டு பின்பக்கம் மட்டும் புதிதாக ஒரு சீட் கவுல் (சீட்டின் பின்னால் வரும் கூடு) செய்து மாட்டுவார்கள். டேங்க்கில் இருப்பது கம்பெனி பெயிண்ட். அதன் கலர் கோடும் (நிறத்துக்கான குறியீட்டு எண்) தெரியும். சில பைக்குகளில் சீட்டுக்கு அடியிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். மிக்சிங் கடையில் கோடைச் சொன்னால் கலந்து டப்பாவில் ஊற்றித் தந்துவிடுகிறார்கள். அடித்து, காயவைத்து, மாட்டிப் பார்த்தால் இரண்டும் இரண்டு சிவப்பு!

பெயிண்டரைத் திட்டிப் பயனில்லை. கோடு சொல்வது எந்த நிறமியை எவ்வளவு போட வேண்டும் என்ற கணக்கு மட்டும்தான். அந்தச் சரக்கு எவ்வளவு தடிமனாகப் படிந்தது, எதன் மேல் படிந்தது, எத்தனை வருடம் வெயில் குடித்தது என்பதெல்லாம் கோடில் கிடையாது. நம் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் இவை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

இதில் மிகவும் படுத்துவது கேண்டி கலர். 1969-இல் ஹோண்டா சிபி750 வந்தபோது அதன் நிறங்களில் ஒன்று கேண்டி ரூபி ரெட். இன்றும் அந்த வண்டியைப் புதுப்பிப்பவர்களுக்குத் தலைவலி தரும் சிவப்பு அது. சாதாரண சிவப்பு பெயிண்டில் நிறமித் துகள்கள் அடித்தளத்தை முழுவதுமாக மறைத்துவிடும். கேண்டியில் அப்படி இல்லை. அடியில் உலோகத் துகள் கலந்து பளபளக்கும் மெட்டாலிக் கோட் (பூச்சு), அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்புக் கோட், அதற்கும் மேல் கிளியர் எனும் நிறமற்ற பூச்சு. வெளிச்சம் சிவப்பு அடுக்கைக் கடந்து அடியில் இருக்கும் உலோகத் துகள்களில் பட்டு, மறுபடியும் அதே அடுக்கைக் கடந்துதான் வெளியே வருகிறது. அதாவது இரண்டு முறை வடிகட்டப்படுகிறது. நன்னாரி சர்பத் டம்ளரில் வெளிறியும் குடத்தில் கருத்தும் தெரியுமே, அதேபோல அடுக்கு தடிமனாக ஆக நிறமும் ஆழமாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிவப்புக் கோட், தன் வழியே போகும் பச்சை ஒளியில் 80 சதவீதத்தைக் கடக்க விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்த் திரும்பினால் மிஞ்சுவது 64 சதவீதம். இரண்டு கோட் அடித்தால் 41. மூன்று அடித்தால் 26. நான்காவதிலோ 17-தான். சிவப்பு ஒளி மட்டும் பெரிதாகக் குறையாமல் வந்துகொண்டே இருக்கும். ஆக, ஒரே டப்பாவிலிருந்து மூன்று கோட் அடித்த கவுலும் நான்கு கோட் அடித்த டேங்க்கும் வேறு வேறு நிறம். கையை மெதுவாக ஓட்டி ஓரிடத்தில் கூடுதலாகப் படியவிட்டாலே அங்கே திட்டு விழும். டேங்க் வளைந்து இறங்கும் ஓரங்களில் ஒளி சாய்வாகப் போவதால் அதே அடுக்குக்குள் கூடுதல் தூரம் பயணிக்கிறது. ஓரம் கருத்துத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். கேண்டிக்குக் கோடு கேட்பதைவிட ‘அடிக்கோட் என்ன, மேலே எத்தனை கோட்’ என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

மெட்டாலிக்கின் தொல்லை வேறு மாதிரி. அதில் மிதக்கும் அலுமினியத் தகடுகளின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தின்னர் ஆவியாகி அடுக்கு சுருங்கும்போது அவை தட்டையாகப் படுக்க வேண்டும். ஈரமாக, கனமாக அடித்தால் தகடுகள் நகர நேரம் கிடைத்து, தாறுமாறாகச் சாய்ந்துவிடும். நேராகப் பார்க்கும்போது நிறம் கருக்கும். தள்ளி நின்று உலர்வாக அடித்தால் வெளிறும். ஸ்ப்ரே கன்னின் காற்றழுத்தம், தின்னரின் வேகம், அன்றைய வெக்கை என எல்லாமே இதில் கை வைக்கும். அதனால்தான் நேராகப் பார்த்தால் பொருந்தும் பேனல், பக்கவாட்டில் பார்த்தால் பொருந்துவதில்லை.

அடுத்தது வெயில். சிவப்பு, மஞ்சள் நிறமிகள் பலவும் கரிமச் சேர்மங்கள். புற ஊதாக் கதிர் அவற்றின் மூலக்கூறுகளை உடைக்க உடைக்க நிறம் மங்கும். கேண்டியில் சாயம் கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம். சீட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் டேங்க் விளிம்பையும் டேங்க்கின் மேற்பரப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எத்தனை வருட வெயில் என்று தெரிந்துவிடும். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: பொருத்த வேண்டியது ஷோரூமிலிருந்து வந்த நாளின் நிறத்தையா, இன்றைய நிறத்தையா? வண்டி முழுவதும் புதிதாக அடிப்பதென்றால் மறைந்திருந்த விளிம்புதான் மாதிரி. கவுல் மட்டும் புதிது என்றால், மங்கிய டேங்க்கை லேசாக காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்த்து, மேலே படிந்த ஆக்சிஜனேற்றப் படலத்தை எடுத்துவிட்டு, அதைத்தான் மாதிரியாகக் கொள்ள வேண்டும்.

பகலில் கச்சிதமாகப் பொருந்தியது, இரவு பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் பல்லிளிப்பதும் உண்டு. நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் மூன்றே வகை. வேறு வேறு நிறமிக் கலவைகள், ஒரு வெளிச்சத்தில் அந்த மூன்றையும் ஒரே அளவில் தூண்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். வெளிச்சம் மாறினால் அந்தச் சமன் கெட்டுவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பழைய சோடியம் தெருவிளக்கின் கீழே ஒப்பிடவே வேண்டாம். அந்த மஞ்சளில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கண்ணை நம்பாமல் நிறத்தை அளப்பதற்குத்தான் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கருவி. 400 முதல் 700 நானோமீட்டர் வரை, 10 நானோமீட்டருக்கு ஒரு புள்ளி என்று 31 இடங்களில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என அளக்கிறது. 1931-இல் குபெல்கா, மன்க் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கிய சமன்பாடுகளின் வழியில், எந்த நிறமி எத்தனை கிராம் என்று கணினி கணக்கிடுகிறது. மெட்டாலிக்குக்கு 15 டிகிரி முதல் 110 டிகிரி வரை பல கோணங்களில் அளக்கும் கருவிகள் உண்டு. ஆனால் கருவி சமதளத்தில் பதிந்து உட்கார வேண்டும். கார் கதவில் அதற்கு இடம் இருக்கிறது; பைக் டேங்க்கில் சமதளத்துக்கு எங்கே போவது? கேண்டியைப் பொறுத்தவரை கருவி சொல்வதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியில் கைகொடுப்பது மாதிரி அட்டைதான். கவுலுக்கு அடிக்கப்போகும் அதே கன், அதே அழுத்தம், அதே பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) நிறம். அட்டைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோட் எண்ணிக்கையை மாற்றி அடித்து, கிளியரும் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு டேங்க்கின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். நிழலில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை, இரவு விளக்கில் ஒரு தடவை. கிளியர் போடாமல் பார்ப்பது வீண். அது நிறத்தை நன்றாகவே ஆழமாக்கும்.

அப்படியும் ஒரு நூல் வித்தியாசம் மிஞ்சினால், அதை மறைக்கப் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கண் வித்தியாசத்தைக் கறாராகப் பிடிக்கும். நடுவே இடைவெளி விட்டால் அந்தக் கூர்மை சட்டென்று குறைந்துவிடும். டேங்க்குக்கும் கவுலுக்கும் இடையில் கறுப்பு சீட் இருப்பதே பாதி வேலையை முடித்துவிடுகிறது. கவுலின் முன் விளிம்பில் ஒரு தங்கக் கோடோ கறுப்புப் பட்டையோ இழுத்துவிட்டால் மீதியும் முடிந்தது.