"அவவும் ஸ்மைலி போட்டவதானே!"

போன மாதம் இன்னொரு கோப்பு மேசைக்கு வந்தது. கொழும்பில் ஒரு மென்பொருள் கொம்பனி. பாலியல் தொந்தரவு முறைப்பாடு ஒன்றை விசாரிக்கும் குழுவில் வெளியாளாக இருக்கச் சொல்லி அழைத்திருந்தார்கள். சட்டத்தரணியாகப் பல வருடங்களாக இந்த வேலையையும் செய்து வருகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கோப்புக்குள் 14 பக்க வட்ஸ்அப் பிரின்ட்அவுட் இருந்தது. யாரோ மஞ்சள் ஹைலைட்டர் பூசியிருந்தார்கள். முறைப்பாட்டுக்கு உள்ளான டீம் லீட், அதாவது குழுத் தலைவர், இரவு இரவாக அனுப்பிய செய்திகள் வெள்ளையாகவே கிடந்தன. மஞ்சள் முழுக்க முறைப்பாடு கொடுத்த பிள்ளை அனுப்பிய ஸ்மைலிகளின் மேல். பக்கத்தில் பேனையால் 1, 2, 3 என்று 23 வரை இலக்கமும் போட்டிருந்தது.

"அவவும் ஸ்மைலி போட்டவதானே, மிஸ்" என்றார் மனிதவள முகாமையாளர்.

இந்த வசனத்தை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் 14 பக்கத்தையும் நேரத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். பிள்ளைக்கு 23 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் இன்னும் இரண்டு பேரோடு இருக்கிறாள். கியூ.ஏ. வேலை, அதாவது மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பது. 6 மாத புரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம். முதல் வாரம் டீம் லீட் கேட்டதெல்லாம் வேலை விஷயம்: "அந்த டிக்கெட்டை மூடியாச்சா?" அவள் இரண்டு வரியில் ஒழுங்காகப் பதில் எழுதுகிறாள். மூன்றாம் வாரம், இரவு 10.50: "இன்னும் நித்திரை இல்லையா நங்கி?" நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. ஒரு சொல்லில் பதில். அப்புறம் "புரொபைல் படம் வடிவாய் இருக்கு." அதற்கு ஒரு "தேங்க்யூ அண்ணா", ஒரு ஸ்மைலி. ஆறாம் வாரம், இரவு 11.40: "உங்கட குரலைக் கேட்காட்டி எனக்கு நாள் முடியாது." அன்றிரவு பதில் இல்லை. அடுத்த நாள் காலை 8.15க்கு, ஒபிஸுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி அனுப்பியிருக்கிறாள்: "சொறி அண்ணா, நித்திரையாகிட்டேன்." கூடவே ஒரு ஸ்மைலி. எட்டாம் வாரத்துக்குப் பிறகு அவளிடமிருந்து சொல்லே வரவில்லை. வெறும் ஸ்மைலி மட்டும்.

இரண்டு வரி ஒரு சொல்லாகி, ஒரு சொல் ஒரு பொம்மையாகிவிட்டது. ஒரு பிள்ளை ஒவ்வொரு நாளும் ஓரடி பின்னால் போவது அந்தத் தாளில் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அதை விட்டுவிட்டு ஸ்மைலிகளை எண்ணியிருக்கிறார்கள்.

விருந்தில் சோறு போட வரும் மாமியிடம் இலைக்கு மேல் கையை நீட்டி, சிரித்துக்கொண்டேதான் "காணும்" என்கிறோம். அவர் சிரிப்பைப் பார்த்து இவளுக்கு இன்னும் பசிக்கிறது என்று நினைப்பதில்லை. கையைத்தான் பார்க்கிறார். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை "ஆட்களோடு முகம் முறிக்காதே" என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்க்கிறோம். அப்படி வளர்ந்தவள், தன்னுடைய புரொபேஷன் கடிதத்தில் கையெழுத்து வைக்கப்போகிற ஆளிடம் முகம் முறித்துக் கதைக்கவில்லையே என்று விசாரணை மேசையில் வைத்துக் கேட்பது எந்த ஊர் நியாயம்? பதில் போடாமல் விட்டால் "நீலச் சரி விழுந்திருக்கு, ஏன் பதில் இல்லை?" என்று வரும். காலை 9.30 ஸ்டாண்ட்அப்பில், அதாவது குழுவின் தினசரிக் குறுங்கூட்டத்தில், அதே முகத்தைப் பார்த்து "நேற்று நான் செய்தது இது" என்று அவள் ஒப்புவிக்க வேண்டும். அந்த ஸ்மைலி, அந்த நாளைப் பிரச்சினை இல்லாமல் கடத்துவதற்கு அவள் கொடுத்த விலை. சம்மதம் என்றால் அது விருப்பத்தோடு வர வேண்டும். மறுக்க வழியுள்ள இடத்தில்தான் விருப்பம் என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

இதைச் சொன்னால் உடனே அடுத்தது வரும்: "எங்கட இடத்தில் மேலதிகாரி, கீழ் ஊழியர் என்ற பேதமே இல்லை, மிஸ். சீ.ஈ.ஓ.வையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம்." சரி, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆனால் அவளுடைய வேலை போதுமா போதாதா என்று சொல்வது யார்? நல்ல புரொஜெக்ட்டில் போடுவது யார்? வருட முடிவில் புள்ளி போடுவது யார்? பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. "தங்கச்சி மாதிரித்தான் பழகினேன்" என்பதும் இதே வகை. ஒபிஸில் நங்கி, மல்லி (தம்பி) என்று கூப்பிடுவது நம்முடைய வழக்கம், அதில் பிழை இல்லை. தங்கச்சியின் குரலைக் கேட்காமல் நாள் முடியாது என்று இரவு 11.40க்கு எந்த அண்ணனும் எழுதுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நம்முடைய தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டையது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அதன் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவைத் தெளிவாகக் குற்றமாக்கியது. தொட்டால்தான் குற்றம் என்றில்லை. சொல்லாலோ செயலாலோ தொந்தரவு கொடுத்தாலும் குற்றம். 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். அதிகாரத்தில் உள்ளவர் வேலைத்தலத்திலோ "வேறெந்த இடத்திலோ" விரும்பப்படாத பாலியல் அணுகுதலைச் செய்தால் அது இந்தக் குற்றம் என்று பிரிவின் விளக்கமே சொல்கிறது. வேறெந்த இடத்திலோ என்ற அந்தச் சொற்களைக் கவனியுங்கள். பெந்தோட்டை ஹோட்டலில் நடந்த வருடாந்தப் பயணம், லண்டன் வாடிக்கையாளரோடு மீட்டிங் முடிந்து இரவில் ஏறிய வாகனம், வீட்டுக் கட்டிலில் கிடக்கும் போன், எல்லாம் அதற்குள் வரும். "அது ஒபிஸுக்கு வெளியில் நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கைகழுவும் கொம்பனிகள் இதைத் திரும்ப வாசிக்கட்டும். சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2019இல் ஏற்ற 190ஆம் இலக்கச் சமவாயமும் வேலை தொடர்பான பயணம், ஒன்றுகூடல், போன் செய்திகள், வேலைக்குப் போய்வரும் வழி எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறது. பயிலுநர்களையும் வேலை தேடி வருபவர்களையும்கூட அது விட்டுவிடவில்லை. இன்னொன்று, 345ஆம் பிரிவு "வேறொரு ஆள்" என்றுதான் சொல்கிறது. ஆண் பிள்ளைகளும் முறைப்பாடு செய்யலாம். என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தியாவில் 2013இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். கொழும்பில் பல கொம்பனிகளின் கைநூலில் அந்த வாசகங்களை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளும் அது நம் சட்டம் என்று நம்புகிறார்கள். இங்கே தனியார் கொம்பனிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. உங்கள் கொம்பனி தானே எழுதி வைத்திருக்கும் கொள்கைதான் உங்கள் கையில் இருப்பது. வேலைக்குச் சேரும் அன்றே அதைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். யாரிடம் முறைப்பாடு கொடுப்பது, அந்த ஆள் மீதே முறைப்பாடு என்றால் யாரிடம் போவது, இந்த இரண்டுக்கும் அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கு: "அவர் எங்கட சிறந்த டெவலப்பர், இது முதல் தடவைதானே" என்று என்னிடம் சொல்லாதீர்கள். சூசன் ஃபவுலர் என்ற பொறியியலாளர் 2017 பெப்ரவரியில் ஊபரில் தனக்கு நடந்ததை எழுதினார். புதிய குழுவில் முதல் நாளே முகாமையாளர் கொம்பனியின் செய்திச் செயலியில் பாலியல் நோக்கத்தோடு எழுதியிருக்கிறார். ஸ்கிரீன்ஷொட் எடுத்து முறைப்பாடு கொடுத்தவருக்கு வந்த பதில், அவர் நன்றாக வேலை செய்பவர், இது அவருடைய முதல் தவறு என்பதுதான். பிறகு மற்றப் பெண்களோடு கதைத்தபோது அது முதல் தடவையே இல்லை என்று தெரியவந்தது. அந்த வருடம் ஜூனில் 20க்கும் மேற்பட்டவர்களை ஊபர் வேலையிலிருந்து நீக்கியது. தலைவர் டிராவிஸ் கலானிக்கும் அதே மாதம் பதவி விலகினார். கலிபோர்னியாவில் சொன்ன அதே வசனத்தைக் கொள்ளுப்பிட்டியிலும் கேட்கிறேன்.

இரண்டு பேரையும் ஒரே அறையில் இருத்தி "கதைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். இது பார்க்கிங் தகராறு இல்லை. "பாதுகாப்புக்காக" என்று சொல்லி முறைப்பாடு செய்த பிள்ளையை வேறு குழுவுக்கு மாற்றுவதையும் நிறுத்துங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் மற்றவரை மாற்றுங்கள். இந்தக் கோப்பிலும் முறைப்பாடு செய்த பிள்ளையைத்தான் மாற்றினார்கள். மூன்று மாதம் உழைத்த புரொஜெக்ட்டிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள், அவர் அங்கேயே இருந்தார். மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் என்ன விளங்கியிருக்கும்?

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. "இனி ஒரு பெண்ணோடு கதைக்கவே பயமாய் இருக்கு" என்கிறீர்கள். தாராளமாகக் கதையுங்கள். "அந்த மென்பொருள் பிழையைப் பிடித்தது நல்ல வேலை" என்று சொல்லுங்கள், சாப்பிடக் கூப்பிடுங்கள், நான்கு பேரோடு சேர்ந்து. உண்மையிலேயே ஒருவரை விரும்பினால், அவர் உங்களுக்குக் கீழே வேலை செய்யாதவர் என்றால், பகலில், தெளிவாக, ஒரு தடவை கேளுங்கள். கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் சக ஊழியரை ஒரு தடவைதான் வெளியே அழைக்கலாம் என்ற விதி இருப்பதாக 2018இல் செய்தி வந்தது. "எனக்கு வேலை இருக்கிறது" என்ற நழுவலான பதிலையும் "இல்லை" என்றே எடுக்க வேண்டும் என்பது ஃபேஸ்புக்கின் விளக்கம். அதையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை விஷயத்தை வேலைக்கான செய்திக் குழுவில் எழுதுங்கள். சேர்வர் விழுந்தால் தவிர இரவு 9க்குப் பிறகு யாருக்கும் தனியாக எழுத வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

பிள்ளைகளே, தயவுசெய்து ஒன்றையும் அழிக்காதீர்கள். அருவருப்பில் முழு உரையாடலையும் அழித்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம். எழுதியவர் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிடவும் முடியும், ஆகவே வந்த உடனேயே நேரமும் போன் இலக்கமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கொம்பனிக்குச் சொந்தமில்லாத இடத்தில் வையுங்கள். டீம்ஸ், ஸ்லாக் போன்ற ஒபிஸ் செயலிகளில் வரும் செய்திகள் விஷயத்தில் இன்னும் கவனம். வேலையை விடும் நாளில் அக்கவுண்ட்டை மூடிவிடுவார்கள், அதோடு எல்லாம் போய்விடும். வாடிக்கையாளரின் தகவல்களைத் தொடாமல், உங்களுக்கு வந்த அந்தச் செய்தியை மட்டும் போன் கமராவில் படம் எடுங்கள். வாயால் சொன்னது, கையால் செய்தது எதுவாக இருந்தாலும் திகதி போட்டு அன்றிரவே எழுதி வையுங்கள். ஒருவரிடமாவது சொல்லுங்கள். முடிந்தால் ஒரு தடவை "வேலை விஷயம் மட்டும் கதைப்போம்" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். முடியவில்லையா, பரவாயில்லை. நீங்கள் முதலில் வாய்விட்டு மறுத்திருக்க வேண்டும் என்று 345ஆம் பிரிவில் எங்கும் இல்லை. முகநூலில் பெயரைப் போட்டு எழுதுவதற்கு முன் மட்டும் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள்.

இந்தப் பிள்ளை எட்டு மாதம் ஏன் சொல்லாமல் இருந்தாள் என்று கொம்பனி கேட்டது. நானும் கேட்டேன், வேறு விதமாக. "வீட்டுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வா எண்டுதான் அம்மா சொல்லுவா, மிஸ்" என்றாள். தம்பியின் படிப்புச் செலவு அவளுடைய சம்பளத்தில்தான். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று எங்கிருந்து வந்த பிள்ளையைக் கேட்டாலும் இதுதான் பதில். தொந்தரவு செய்தவருக்கு இது நன்றாகத் தெரியும். அம்மாமாரே, அப்பாமாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளை போனில் சொன்னால் முதல் கேள்வி "நீ என்ன செய்தாய்?" என்று இருக்க வேண்டாம். "திரும்பி வா" என்றும் உடனே சொல்லாதீர்கள். "எப்போது நடந்தது, யாரிடம் சொன்னாய், நான் பஸ் ஏறி வரவா?" என்று கேளுங்கள்.

வேலையை விட்டுப் போகும் நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், ஆனால் 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலத்தைத் தவறவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மகளிர் உதவிக்குத் தொலைபேசி இலக்கம் 1938, பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்துக்கு 109. வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பொலிஸுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். தமிழ் அரசகரும மொழி, தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில், எவ்வளவு நேரம் காக்க வைத்தாலும், கையொப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.