பங்குதாரர் என்பவர் யார்?

‘நிலைபேறான நகரச் சுற்றுலா அபிவிருத்தியில் உள்ளூர்ப் பங்குதாரர்களை ஈடுபடுத்தல்.’ திருகோணமலையில் நடந்த ஒரு கூட்டத்தின் பதாகை இது. என் பக்கத்தில் உப்புவெளியில் கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவர். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “தம்பி, இதற்கு நாங்கள் எவ்வளவு காசு போடவேண்டும்?”

அவர் கேட்டதில் என்ன பிழை? பங்குதாரர் என்றால் காசு போட்டுப் பங்கு வாங்கியவர்தானே.

பதாகையில் இருந்த ‘பங்குதாரர்’ ஆங்கில ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்பதன் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் அது முதலில் பந்தயம் கட்டியவர்களின் பணத்தைக் கையில் வைத்திருக்கும் நடுநிலையாளைக் குறித்தது. 1960களில் நிர்வாகவியல் அதை எடுத்துக்கொண்டது. 1984இல் நிர்வாகவியல் அறிஞர் எட்வர்ட் ஃபிரீமன் எழுதிய நூலால் பரவியது. ஒரு செயலால் பாதிக்கப்படுபவரும் அச்செயலைப் பாதிக்கக்கூடியவரும் என்பது இன்றைய பொருள். அதாவது, பங்கு வாங்காதவரையும் கணக்கில் எடுங்கள் என்று சொல்லவே அந்தச் சொல் வந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்களோ அதற்குப் பங்கு வாங்கியவரின் பெயரையே சூட்டிவிட்டார்கள்! ‘தார்’ பாரசீக விகுதி என்பது எனக்குப் பெரிய குறையில்லை; ஜமீன்தாரோடும் தாசில்தாரோடும் வாழ்ந்த மொழிதான் இது. பொருள் தலைகீழானதுதான் குறை.

அதிலும் கடற்கரையில் ‘பங்கு’ வெறும் சொல்லன்று. கரைவலையில் பட்ட மீனை விற்றபின் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பதுதான் பங்கு. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்களில்தான் வலையும் வளைக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். வலை ஏறும் மணலில்தான் சாய்கதிரைகளும் வந்து குந்துகின்றன. அந்தக் கதிரைகளின் வருமானத்தில் பெரியவருக்கு ஒரு சதமும் பங்கில்லை. இழக்கப்போவது மட்டும் அவர் கரை. புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர், கன்னியா வெந்நீரூற்று வாசலில் கடை வைத்திருப்பவர் எல்லோரும் இப்படித்தான்: பங்கு வாங்கியவர்கள் அல்லர், ஆனால் பாதிக்கப்படக்கூடியவர்கள்.

‘பங்கீடுபாட்டாளர்’ என்றும் ஒன்று அரச ஆவணங்களில் உலவுகிறது. பங்கையும் ஈடுபாட்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வாசிப்பவருக்கோ பங்கீட்டு அட்டைதான் நினைவுக்கு வரும். ‘பங்காளர்’ என்றால் தேர்தல் காலப் பங்காளிக் கட்சிகள் எட்டிப் பார்க்கின்றன.

என் தெரிவு ‘உரியோர்’. ‘உரியவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்’ என்று நாம் நாளும் சொல்வதுதானே? சட்டத்துக்கு அது போதாது என்பவர்கள் ‘அக்கறையுடைய தரப்பினர்’ என்று எழுதட்டும். நீளம்தான், ஆனால் யாரும் பணப்பையைத் தொட்டுப் பார்க்கமாட்டார்கள். ‘ஈடுபடுத்தல்’ பற்றித் தனியே சண்டை பிடிக்கவேண்டும். உரியவரைக் கலந்துபேசுவதா, வேலையாளைப் போல ஏவுவதா?

வருகைப் பதிவில் ‘பங்குதாரர் வகை’ என்றொரு கட்டம் இருந்தது. பெரியவர் பேனாவோடு சற்று நேரம் நின்றார். பிறகு ‘கரைவலை’ என்று எழுதிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார்.